வந்த ஊர், போகும் நாள்

அதே கடிதம் ஒன்பதாவது தடவையாகத் திரும்பியது.

வெனிங் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். கடிதம் திரும்புவது ஒன்றும் புதிதில்லை. செமாராங் துறைமுக நகரின் வடகரைச் சந்துகளில் யார் வீட்டுக்கு விருந்தாளி வந்து தங்கினாலும் இருபத்து நாலு மணி நேரத்துக்குள் சந்துத் தலைவரிடம் சொல்லியாக வேண்டும். முன்பெல்லாம் நோட்டில் எழுதினார்கள். இப்போது தலைவர் கைபேசியில் தட்டினால் தகவல் ஒரு எக்ஸ்எம்எல் கடிதமாகி, வெனிங் எழுதிய சேவைக்கு வந்து சேரும். வாசலில் ஸ்கீமா நிற்கும். வெறும் விதிப்பட்டியல்தான், ஆனால் லேசுப்பட்டதில்லை. விருந்தாளியின் பெயர் என்ன, அடையாள எண் என்ன, எந்த ஊரிலிருந்து வந்தார், என்றைக்குப் போகிறார், வீட்டில் யார் சம்மதித்து உள்ளே விட்டது என்று வரிசையாகக் கேட்கும். ஒன்று குறைந்தாலும் முகத்தில் அடித்தாற்போல் திருப்பிவிடும்.

கடிதம் திரும்பிய சந்துத் தலைவர்கள் என்ன செய்வார்கள் என்பது அவளுக்கு மனப்பாடம். காலியாக விட்ட கட்டத்தில் ஒரு சின்னக் கோடு போட்டுப் பார்ப்பார்கள். அதுவும் செல்லாவிட்டால் வெனிங்கைக் கூப்பிட்டுத் திட்டுவார்கள். இந்தக் கடிதத்தை அனுப்புகிறவர் கோடும் போடவில்லை, திட்டவும் இல்லை. திருப்பத் திருப்ப மறுபடி அனுப்பினார், ஒரு எழுத்துகூட மாற்றாமல். அந்தப் பொறுமைதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

நாளைக் காலை எட்டு மணிக்கு வட்டார அலுவலகத்தில் சேவையை ஓட்டிக் காட்ட வேண்டும். இன்றைய கடிதங்கள் நூற்றுப் பன்னிரண்டில் நூற்றுப் பதினொன்று பச்சையாக நின்றன. அந்த ஒன்றும் பச்சையானால் வேலை நிரந்தரம். வேலை நிரந்தரமானால் மேட்டு நகரத்தில் ஒரு சின்ன வாடகை வீடு, ஈரம் ஏறாத சுவர், மகள் மெனிக்குக்கு இருமல் இல்லாத இரவு. ஐந்து வயதுக் குழந்தை விடிய விடிய இருமுவதைக் கேட்டுக் கேட்டு வெனிங்குக்கு இந்த வீட்டின் மீதே வெறுப்பு வந்துவிட்டது. கணவன் சர்வோனோ சரக்குக் கப்பலில் எங்கோ கடலில் இருந்தான். இங்கே கடல் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது.

வீடு அவனுடைய அப்பா கட்டியது. கடல் ஏற ஏறச் சந்தை மண் கொட்டி உயர்த்துவார்கள். சந்து உயர்ந்தால் வீட்டுத் தரையையும் உயர்த்தியாக வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் படுக்கை வரை வந்து நலம் விசாரிக்கும். இதுவரை மூன்று முறை தரை உயர்ந்துவிட்டது. கூரை மட்டும் பழைய இடத்திலேயே. முன்வாசலில் குனிந்துதான் நுழைய வேண்டும், ஜன்னல்கள் முழங்காலுக்குக் கீழே போய்விட்டன. பின்னறைக்கு அப்பால், பள்ளத்தில் இருந்த பழைய சமையலறையை மட்டும், லாரி மண் பத்தவில்லை என்று நிரப்பாமல் விட்டுவிட்டார்கள். அதற்குப் போகும் வாசலின் உச்சிப் பகுதி தரைக்கு மேலே ஒரு சாண் உயரப் பொந்தாக மிஞ்சியிருந்தது. உள்ளே இருட்டும் உப்புத் தண்ணீரும். எலி வராமலிருக்க வெனிங் அதில் சாக்குத் திணித்து வைத்திருந்தாள்.

மணி நாலரை. மழை விட்டிருந்தது, கடல் ஏற்றம் தொடங்கியிருந்தது. சாக்கடை மூடிகள் தண்ணீரின் அழுத்தத்தில் லேசாகத் தூக்கித் தூக்கி விழுந்தன. பக்கத்து வீட்டில் கருவாடு பொரியும் மணமும், கிராம்புச் சுருட்டுப் புகையும், அவற்றுக்கு அடியில் அழுகிய கடல்பாசியின் வாடையும் தாழ்ந்த ஜன்னல் வழியாக அவள் கால்களுக்குத்தான் முதலில் வந்தன. அவள் கால்களை நாற்காலி மேல் மடக்கி வைத்துக்கொண்டாள். போன வருட ஏற்றத்தில் தகரம் கிழித்த தழும்பு இடது பெருவிரலிலிருந்து கணுக்கால் வரை வெள்ளையாக ஓடியது. ஈர நாட்களில் இன்னும் அரிக்கும்.

கைபேசி அடித்தது. யுதோனோ, அவளுடைய மேலாளர். அவருக்கு அவள் ம்பாக், அக்கா; அவளுக்கு அவர் மாஸ், அண்ணன்.

"என்ன ம்பாக், அந்த ஒத்தைச் சிவப்பு கண்ணைக் குத்துதே."

"வந்த ஊர் காலியா இருக்கு மாஸ். யாருன்னு பார்க்கலாம்னா, தள்ளுபடியான கடிதத்துல பேரு, விலாசம் எல்லாம் மறைச்சிருக்கும். சட்டம்."

"சட்டம் போட்டவங்கதான் நாளைக்கு முன்வரிசையில உட்காரப் போறாங்க. அவங்களுக்குப் பச்சை வேணும். ஊர் இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரின்னு விதியத் தளர்த்திடு. காட்டி முடிச்சப்புறம் இறுக்கிக்கலாம்."

"தளர்த்தினத நாம என்னைக்கு மாஸ் இறுக்கியிருக்கோம்?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு. சாப்பிட்டியா?"

அவள் சிரித்துவிட்டாள். பேச்சை மாற்றுவதில் யுதோனோவை மிஞ்ச ஆளில்லை.

விதிப்பட்டியலைத் திறந்தாள். ஒவ்வொரு விதியும் அவள் கை வைத்து எழுதியது. அதில் அவளுக்குப் பெருமையானது கடைசி விதி. குடியிருப்பவரோ விருந்தாளியோ, ஒரு வீட்டில் ஒரு அடையாள எண் ஒரு முறைதான் இருக்கலாம். சந்துத் தலைவர்கள் ஒரே ஆளை இரண்டு மூன்று தடவை அனுப்பித் தொலைப்பார்கள். அதனால், இரட்டை வந்தால் புதியது நிற்கும், பழையது தானாக விலகும் என்று அமைத்திருந்தாள். அதைக் கடந்து மேலே போய், 'வந்த ஊர்' என்ற இடத்தில் குறைந்தது ஒன்று என்றிருந்ததைக் குறைந்தது பூஜ்யம் என்று மாற்றினாள். சேமித்தாள்.

எங்கோ அடியில் ஓடு ஒன்று உரசியது.

மிகக் கீழே. கனமான எதையோ ஒருவர் தரையில் நகர்த்தி வைத்ததுபோல. மூன்று தரைகளின் மண்ணைத் தாண்டி வந்த சத்தம், காதுக்கு வருவதற்கு முன் நாற்காலிக் கால் வழியாக அவள் முதுகுக்கு வந்தது. தண்ணீர் பழைய சமையலறைக்குள் நுழைந்திருக்கும், எதையாவது புரட்டியிருக்கும். அவள் ஆறிப்போன தேநீரைக் குடித்தாள்.

"மொங்கோ," என்றது பின்னறையிலிருந்து மெனிக்கின் குரல்.

வெனிங் திரும்பிப் பார்க்கவில்லை. போன வாரம்தான் குழந்தைக்கு மரியாதை சொல்லிக் கொடுத்திருந்தாள். வருகிறவர் வாசலில் நின்று "குலோ நுவுன்" என்று, உள்ளே வரலாமா என்று, கூப்பிட வேண்டும். உள்ளே இருப்பவர் "மொங்கோ" என்று, வாங்க என்று, சொல்லும் வரை கால் எடுத்து வைக்கக் கூடாது. மூன்று முறை கூப்பிட்டும் பதில் இல்லாவிட்டால் திரும்பிப் போய்விட வேண்டும். அன்றிலிருந்து மெனிக் பொம்மை, பூனை, தண்ணீர்க் குடம் எல்லாவற்றையும் மொங்கோ மொங்கோ என்று வரவேற்றுக்கொண்டிருந்தாள்.

கடிதம் பத்தாவது தடவையாக வந்தது. வந்த ஊரைத் தாண்டிவிட்டது. அடுத்த பிழையில் நின்றது. ஸ்கீமாவின் குணம் அது, ஒரு குறையைத் தீர்த்தால்தான் அடுத்த குறையைச் சொல்லும்.

'போகும் நாள் இல்லை.'

போகும் நாள் இல்லாதவரை யாராவது விருந்தாளி என்பார்களா? வெனிங் நகத்தைக் கடித்தாள். ஊர் தெரியாமல் வருகிறவர்கள் இந்தத் துறைமுகப் பக்கம் உண்டு. போகும் நாளைக் கேட்டால் எல்லாரும் ஏதாவது ஒரு நாளைச் சொல்வார்கள், பொய்யாகவாவது. இவர் பொய்கூடச் சொல்லவில்லை. அவளுக்கு உட்கார முடியவில்லை. எழுந்து இரண்டு நடை நடந்தாள், வறுத்த தெம்பே ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள், ருசி தெரியாமல் விழுங்கினாள். திரையில் சிவப்பு ஒன்று. வெளியே சாக்கடை மூடி தூக்கி விழுந்தது. மேட்டு நகரத்து வீட்டின் சுவரை நினைத்துக்கொண்டாள். உட்கார்ந்தாள். போகும் நாளையும் தளர்த்தினாள்.

இந்த முறை சத்தம் கிட்டத்தில் கேட்டது. ஈரக் கை மண்ணை அறைவதுபோல, மெதுவாக, மூன்று முறை. நேர் கீழே.

"மொங்கோ."

வெனிங் பின்னறைக்குப் போனாள். மெனிக் தரையில் குப்புறப் படுத்து, பொந்தில் முகம் வைத்துக்கொண்டிருந்தாள். சாக்கு பக்கத்தில் கிடந்தது. குழந்தையின் கையில் பிஸ்கட் பொட்டலம்.

"எத்தனை தடவை சொல்லியிருக்கேன், சாக்க எடுக்காதன்னு. யார் கூடப் பேசற?"

"விருந்தாளி கூட."

"பொம்மையா?"

"பொம்ம இல்லம்மா. அவங்களுக்குப் பசிக்குமேன்னு பிஸ்கட் போட்டேன். பாதி ஏறிட்டாங்க."

வெனிங் குனிந்து பார்த்தாள். இருட்டு. அசையாத தண்ணீரின் வாடை. அந்த வாடைக்குள்ளே வேறொன்று, அவளுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று, பெயர் சொல்ல வராத ஒன்று. அவசரமாகச் சாக்கை எடுத்துத் திணித்தாள். சாக்கு முழுக்க ஜில்லென்று நனைந்திருந்தது. அதன் உள்பக்க ஓரம் மட்டும் கதகதப்பாக இருந்தது, யாரோ அதுவரை அதை இறுக்கிப் பிடித்திருந்ததுபோல. கையை உதறிக்கொண்டாள். மெனிக்கைத் தூக்கி வந்து தன் நாற்காலிக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார வைத்தாள்.

"இங்கேயே இரு. அம்மா வேலை முடிக்கிற வரைக்கும் அசையக் கூடாது."

"நாம மேட்டு வீட்டுக்குப் போறோமா?"

"போறோம் கண்ணு. இன்னும் ஒண்ணே ஒண்ணு."

மாலைத் தொழுகைக்கு இன்னும் அரை மணிதான். அந்த நேரத்தில் குழந்தைகளை வெளியே விடக் கூடாது என்று சந்தில் எல்லாரும் சொல்வார்கள். அவள் ஜன்னல் கதவுகளைச் சாத்தினாள். பிறகு, அனுப்புவது யார் என்றாவது தெரிந்துகொள்ளலாம் என்று தங்கள் சந்துத் தலைவர் துமிரானைக் கூப்பிட்டாள். சும்மா ஒரு இடத்தில் தொடங்கலாமே என்றுதான். மணி போகவே இல்லை. அவர் மனைவியின் எண்ணுக்குப் போட்டாள்.

"அவர் போன் சனிக்கிழமையே தண்ணியில விழுந்துடுச்சு ம்பாக்," என்றாள் அந்தம்மா. "அரிசி டப்பால புதைச்சு வச்சிருக்காரு. நாலு நாளா சோறு தின்னுட்டுத் தூங்குது, அவர மாதிரியே. பம்ப் பார்க்கப் போயிருக்காரு, வந்ததும் கூப்பிடச் சொல்றேன்."

அப்படியானால் அவர் அனுப்பியதில்லை. வேறு ஏதோ சந்து. வெனிங்குக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி எதற்கு என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

பதினோராவது தடவை.

'சம்மதித்தவர் வயது 5. பதினேழுக்குக் குறையக் கூடாது.'

விளக்கு ஒருமுறை மங்கி எரிந்தது. ஐந்து. வெனிங்கின் கண் அந்த எண்ணில் நின்றது. அங்கிருந்து பக்கத்து முக்காலிப் பக்கம் போகப் பார்த்தது. அவள் போக விடவில்லை. ஐம்பதாக இருக்கும். பூஜ்யம் விட்டுப்போயிருக்கும். சந்துத் தலைவர்களின் தடித்த விரல்களுக்கு இதெல்லாம் சகஜம்.

யுதோனோவிடமிருந்து செய்தி. 'ஐயா பக்கத்துல நிக்கறார். பச்சையா?'

தப்பு என்று அவளுக்குத் தெரியும். வயது விதியை எடுத்தால் அந்த வாசலுக்கு அர்த்தமே இல்லை. வீட்டில் பெரியவர் ஒருவர் சம்மதிக்காமல் யாரும் உள்ளே வரக் கூடாது என்பதற்காகத்தான் அதை எழுதினாள். ஆனால் இந்த ஈரத்தை விட்டு, இந்த வாடையை விட்டு, காலடியில் தட்டும் இந்தத் தரையை விட்டு மகளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்ற ஆசை அவள் விரலுக்குள் இருந்தது. பதினேழை அழித்தாள். பூஜ்யம் போட்டாள்.

சேமித்தாள்.

எந்தச் சத்தமும் இல்லை.

சாக்கடை மூடிகள்கூட நின்றுவிட்டன.

பட்டியலின் கடைசி வரி பச்சையானது. நூற்றுப் பன்னிரண்டு. வெனிங் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள். சந்தோஷம்தான், சந்தேகமில்லை. கண்ணைத் திறந்து, "முடிஞ்சுது கண்ணு," என்று பக்கத்தில் திரும்பினாள்.

முக்காலி காலியாக இருந்தது.

ஏற்றுக்கொண்ட கடிதத்தில் எதையும் மறைக்க வேண்டியதில்லை. திரையில் அது கட்டம் கட்டமாகத் தானே விரிந்துகொண்டிருந்தது.

வீட்டு எண், 23. சந்தின் பெயர், அவளுடைய சந்து.

வந்த ஊர், காலி.

போகும் நாள், காலி.

சம்மதித்தவர், மெனிக். வயது 5.

விருந்தாளியின் பெயர், வெனிங். அடையாள எண் பதினாறு இலக்கம். படிக்க வேண்டியிருக்கவில்லை. எந்த அலுவலகத்திலும் அவள் தூக்கத்தில்கூடச் சொல்லக்கூடிய எண்.

அடியில் அவளே எழுதிய வாசகம். 'இரட்டைப் பதிவு. புதியது நிற்கிறது. பழையது விலகியது.'

கைபேசி அடித்தது. எடுத்தாள். துமிரான், மனைவியின் எண்ணிலிருந்து, மூச்சு வாங்க.

"கூப்பிட்டியாமே ம்பாக். உன் வீட்டுப் பக்கமாத்தான் வந்தேன். வாசல்ல உன் நீலச் செருப்பு ரெண்டு ஜோடி கிடக்கு. ஒண்ணு முழுக்கச் சேறு. புதுசா வாங்கினா பழசத் தூக்கிப் போட மாட்டியா? தண்ணி ஏறுது, அடிச்சிட்டுப் போயிடும்."

வெனிங் வாசல் பக்கம் திரும்பினாள்.

"ம்பாக்? லைன்ல இருக்கியா?"

பின்னறையிலிருந்து ஒரு குரல் கூப்பிட்டது. மென்மையாக, மரியாதையாக. குலோ நுவுன்.

வெனிங்கின் குரல்.

"மெனிக், சொல்லாத," என்று கத்திக்கொண்டு எழுந்தாள்.

"மொங்கோ," என்றாள் மெனிக். மூன்றாவது முறை.

மின்சாரம் போனது.

இருட்டில் ஓடினாள். ஏழு அடி. தினமும் நடக்கும் ஏழு அடி. ஆறாவது அடியில் தரை இல்லை.

விழுந்தாள். உப்புத் தண்ணீர் வாயில், மூக்கில். எழுந்து நின்றாள். இடுப்பளவு. காலுக்கடியில் ஓடு, விரலுக்குப் பழக்கமில்லாத ஓடு, சின்னச் சின்னச் சதுரம், வழவழப்பு. கை நீட்டினாள். சுவர். பாசி. அடுப்பு மேடை. ஒரு புரண்ட பானை.

பழைய சமையலறை.

மின்சாரம் வந்தது. அவளுக்கு அல்ல. மேலே, எட்டாத உயரத்தில், ஒரு சாண் வெளிச்சம். பொந்து. அவள் மண்சுவரைப் பிறாண்டி ஏறினாள். சறுக்கினாள். ஏறினாள். விரல்கள் விளிம்பைப் பிடித்தன. முகத்தைக் கொண்டுபோய் வைத்தாள்.

மெனிக்கின் பாதங்கள். அவற்றுக்குப் பக்கத்தில் ஈரம் சொட்டும் இரண்டு பெரிய பாதங்கள். இடது பெருவிரலிலிருந்து கணுக்கால் வரை வெள்ளையாக ஒரு தழும்பு.

அந்த வாடை எது என்று இப்போது தெரிந்தது. தலையணையில் இருக்கும் தன் வாடை.

"ஆமா மாஸ், பச்சை வந்துடுச்சு," என்று மேலே அவள் குரல் கைபேசியில் சிரித்தது. "சாப்பிட்டேன், சாப்பிட்டேன். மேட்டுல வீடு பார்த்துட்டோம், அடுத்த வாரம் போறோம். ஒரு உதவி மாஸ். நாளைக்கு ஒரு லோடு மண்ணு வேணும். பின்னால ஒரு குழி இருக்கு. காலி பண்றதுக்கு முன்னாடி மூடிடலாம்."

மெனிக் என்று கூப்பிட வாயைத் திறந்தாள். குரல் வந்தது, பெயர் வரவில்லை. மறுபடி முயன்றாள். தொண்டையிலிருந்து அந்த ஒன்றுதான் வந்தது, மென்மையாக, மரியாதையாக.

"குலோ நுவுன்."

சின்னப் பாதங்கள் திரும்பின.

"அம்மா, கீழ யாரோ கூப்பிடறாங்க."

"பதில் சொல்லாத கண்ணு."

"பாவம்மா."

"மூணு தடவை கூப்பிடுவாங்க. அப்புறம் போயிடுவாங்க."

"குலோ நுவுன்," என்றாள் வெனிங்.

மெனிக் குனிந்தாள். குழந்தையின் முகம் பொந்தருகே வந்தது, இருட்டைப் பார்த்தது, எதையும் பார்க்கவில்லை. இருமினாள். ஒரு பிஸ்கட்டை விளிம்பில் வைத்து விரலால் தள்ளிவிட்டாள். அது வெனிங்கின் கன்னத்தில் பட்டுத் தண்ணீரில் விழுந்தது.

பள்ளிவாசலில் மாலைத் தொழுகைக்கு அழைத்தார்கள். தழும்புள்ள கால் மடங்கி உட்கார்ந்தது. நனைந்த சாக்கு வெளிச்சத்தை ஒரு பக்கத்திலிருந்து மறைத்துக்கொண்டே வந்தது.

இன்னும் ஒரு தடவை மிச்சம். அதை அவள் கூப்பிடவில்லை. சாக்கின் உள்பக்க ஓரத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.